படுத்துக்கொண்ட கலங்கரை விளக்கம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்தில் லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே படகுகளும் கரையில், ஆட்களும் கரையில். ஏவுதளம் அங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வானம் தெளிந்திருந்தால் முதலில் நெருப்பு தெரியும். சத்தம் வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகும். 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 கிளம்பியதைப் போன்ற ஏவுதல் என்றால், வடக்கே பார்த்தபடி எல்லாக் கைகளிலும் செல்போன் உயர்ந்துவிடும். ராக்கெட் மேலே போகிறது என்பதால் போனையும் நெட்டுக்குத்தாகத்தான் பிடிப்பார்கள்.

பிறகு அந்தப் படத்தை ஏதாவது ஓர் இணையதளத்தில் ஏற்றும்போது சில சமயம் ராக்கெட் படுத்துவிடுகிறது. மூக்கு இடப்பக்கம், நெருப்பு வலப்பக்கம், அடிவானம் செங்குத்தாக. கிழக்கே கடல்மேல் போக வேண்டிய ராக்கெட் தரையோடு தரையாக மேற்கே தடா ஊர்ப் பக்கம் பாய்வதாகத் தோன்றும். ஊருக்கே பெயர் கொடுத்த கலங்கரை விளக்கத்துக்கும் இதே கதிதான். உயரமான எதை எடுத்தாலும் போனை நிமிர்த்தித்தானே பிடிக்கிறோம்? கோபுரம், தென்னை, ஏரியில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரை, கதவோரம் நிற்கும் பாட்டி என்று எல்லாரும் படுத்துவிடுகிறார்கள். போனில் திறந்தால் படம் நேராகவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நேராகவே போகிறது. அந்த ஒரு தளத்தில் மட்டும் சாய்கிறது. எடுத்தவர்தான் ஏதோ தப்பாக எடுத்துவிட்டார் என்று பலரும் நினைக்கிறார்கள். எடுத்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செல்போனுக்குள் இருக்கும் கேமரா சென்சார் ஒரு செவ்வகச் சில்லு. போனுக்குள் ஒரே நிலையில் பதிக்கப்பட்டது. போனைத் திருப்பினால் கூடவே திரும்பும், தானாகத் திரும்பாது. ஒளி விழுந்ததும் அது தன் புள்ளிகளை வரிவரியாகப் படித்து வெளியே தள்ளுகிறது. எந்த ஓரம் வானம், எந்த ஓரம் மணல் என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலான போன்களில், போனைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நேராக வரும்படிதான் அந்தச் சில்லைப் பொருத்துகிறார்கள். ஆகவே போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒவ்வொரு படமும் உள்ளே படுத்தபடிதான் பிறக்கிறது. நம் போனில் அது நிமிர்ந்து தெரிகிறதே, அதற்குத்தான் உண்மையில் காரணம் தேட வேண்டும்.

கேமராவுக்குள் விழும் பிம்பம் நாம் பார்க்கும் உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் என்றைக்குமே இருந்ததில்லை. லென்ஸ் வழியே விழும் பிம்பம் தலைகீழானது. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தபோது, பெட்டிக் கேமராவின் பின்கண்ணாடியில் கோபுரங்களைத் தலைகீழாகப் பார்த்துத்தான் கேமராவை நிறுத்தியிருப்பார். அச்சிட்ட தாளைக் கையில் எடுத்ததும் யாரும் சொல்லாமலே நேராகத் திருப்பிக்கொள்வோம். அதனால் அந்தக் காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இல்லை. திரையில் வரும் படத்தைக் கையால் திருப்ப முடியாது. அதை எப்படிக் காட்ட வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். போன் கேமரா எழுதும் ஜேபெக் படக் கோப்பில், படத்தின் புள்ளிகள் தொடங்குவதற்கு முன்பு, பொதுவாக எக்ஸிஃப் என்ற சிறு பகுதி ஒன்று இருக்கும். எந்தக் கேமரா, எத்தனை மணிக்கு எடுத்தது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது போன்ற விவரங்கள் எல்லாம் அதில் இருக்கும். கோப்பைப் படமாகத் திறக்காமல், ஹெக்ஸ் எடிட்டர் என்ற வகை நிரலில் திறந்தால் இந்தப் பகுதியைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல கோப்புகளில் ஆரம்பத்திலேயே இப்படி ஒரு வரிசை அகப்படும்:

01 12 00 03 00 00 00 01 00 06 00 00

மொத்தம் 12 பைட். முதல் இரண்டும் குறிப்பின் எண்: பதினாறு நிலை எண்முறையில் 0112, நம் வழக்கமான கணக்கில் 274. இது படத்தின் திசையைப் பற்றிய குறிப்பு என்பதற்கான அடையாள எண் அது. அடுத்த இரண்டு பைட், பின்னால் வரும் மதிப்பு என்ன வகை எண் என்று சொல்கிறது. அதற்கடுத்த நான்கு பைட், மதிப்பு ஒன்றே ஒன்றுதான் என்கிறது. மிச்சமிருக்கும் நான்கில்தான் விஷயம் இருக்கிறது: 00 06. அதாவது ஆறு. சில கேமராக்கள் பைட்டுகளை முன்பின் மாற்றி எழுதும். அங்கே இதே குறிப்பு 12 01 03 00 01 00 00 00 06 00 00 00 என்று இருக்கும். பொருள் ஒன்றுதான்.

ஆறு என்றால், இந்தப் புள்ளிகளைக் கடிகார முள் சுற்றும் திசையில் கால் சுற்று திருப்பிக் காட்ட வேண்டும் என்று அர்த்தம். 1 என்றால் அப்படியே காட்டலாம். 3 என்றால் அரைச் சுற்று. 8 என்றால் எதிர்த்திசையில் கால் சுற்று. 2, 4, 5, 7 ஆகிய நான்கும் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிக் காட்டச் சொல்பவை. நான்கு திசை, ஒவ்வொன்றுக்கும் நேர்ப்படம் ஒன்று, கண்ணாடிப்படம் ஒன்று என மொத்தம் எட்டு. கால் சுற்று கால் சுற்றாக ஒரு படத்தை வைக்க இந்த எட்டைத் தவிர வேறு வழியே கிடையாது என்பதால் பட்டியலும் எட்டோடு முடிகிறது.

பார்சல் பெட்டியின் பக்கவாட்டில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டிருப்பார்களே, இந்த 12 பைட் செய்யும் வேலை அதுதான். பெட்டியை அது நிமிர்த்தாது. எடுத்து வைப்பவர் படித்துப் பார்த்து நிமிர்த்த வேண்டும். நம் போனின் கேலரி படித்துப் பார்த்து, ஒவ்வொரு முறை காட்டும்போதும் திருப்பிக் காட்டுகிறது. படிக்காத நிரல், பிறந்தது பிறந்தபடி காட்டுகிறது. சாயும் படங்கள் பெரும்பாலும் இடப்பக்கமே சாய்வதற்கும் இந்த ஆறுதான் காரணம். வலப்பக்கம் கால் சுற்று திருப்ப வேண்டியதைத் திருப்பாமல் விட்டால் படத்தின் உச்சி இடப்பக்கம்தான் இருக்கும். எல்லாப் படமும் ஒரே பக்கமாகவே சாய்ந்தால், கோளாறு எடுத்தவர் கையில் இல்லை, குறிப்பைப் படிக்காத நிரலில்தான் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

ஐஃபோன்காரர்களுக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு. பழைய கேமராவின் பொத்தான் மேலே இருக்கும் என்ற பழக்கத்தில், ஒலிப் பொத்தான்கள் மேலே வரும்படி போனைக் கிடைமட்டமாகப் பிடிப்பார்கள். அந்தச் சென்சாருக்கு அது தலைகீழ் நிலை. குறிப்பில் 3 எழுதப்படும். குறிப்பைப் படிக்காத தளத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரை வானத்தில் தொங்கும், படகுகள் கவிழ்ந்து கிடக்கும்.

எடுக்கும்போதே போன் படத்தைத் திருப்பிச் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 3.6 கோடி பைட். சென்சார் வரிவரியாகத் தருவதை வந்த வரிசையிலேயே சுருக்கி எழுதிக்கொண்டே போகலாம்; திருப்ப வேண்டுமென்றால் மொத்தத்தையும் நினைவகத்தில் விரித்து வைத்தாக வேண்டும். திசைக் குறிப்பு வந்த காலத்தில் அது பெரிய செலவு. ஆல்டஸ் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட டிஃப் என்ற படக் கோப்பு வடிவத்தின் ஆறாம் பதிப்பிலேயே 274 என்ற இந்தக் குறிப்பு இருக்கிறது. ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கம் 1995-இல் எக்ஸிஃபை உருவாக்கியபோது டிஃப் வடிவத்தின் அமைப்பையே எடுத்துக்கொண்டது. இன்றைய போனுக்குத் திருப்புவது ஒரு வேலையே இல்லை, ஆனாலும் பழைய ஏற்பாடு அப்படியே தொடர்கிறது.

சரி, ஆறு என்று எழுத வேண்டும் என்பது போனுக்கு எப்படித் தெரிகிறது? அதற்குள் முடுக்கமானி என்ற சில்லு இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, அதே சிலிக்கானால் ஆன வில்களில் தொங்குகிறது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் எடை கொஞ்சம் நகரும். எடையோடு ஒட்டிய தகடுகளுக்கும் அசையாத தகடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி அப்போது மாறும். இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறன் மாறும். அதை அளந்து, நீளவாக்கு, அகலவாக்கு, முன்பின் என்று மூன்று திசையிலும் எவ்வளவு இழுவை என்று சில்லு சொல்லிவிடுகிறது. போனை நிமிர்த்திப் பிடித்தால் ஈர்ப்பின் முழு அளவும், அதாவது வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர், நீளவாக்கில் விழும். படுக்கவாட்டில் பிடித்தால் அகலவாக்கில் விழும். எது அதிகம் என்று பார்த்து, பொத்தானை அழுத்தும் நொடியில் குறிப்பு எழுதப்படுகிறது.

எடுப்பவர் கையில் உண்மையாகவே தவறு நேரக்கூடிய ஒரே இடம் இதுதான். லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் அது அடிக்கடி நேரும். ஏரியிலிருந்து வந்த நண்டும் இறாலும் மடவையும் தரையில் பரப்பியிருக்கின்றன. விலை கேட்கும் வியாபாரிக்குப் படம் அனுப்ப வேண்டும். போனைத் தரைக்கு நேராகக் கவிழ்த்துப் பிடிக்கிறோம். ஈர்ப்பு இப்போது நீளவாக்கிலும் இல்லை, அகலவாக்கிலும் இல்லை. போனின் முதுகிலிருந்து நேரே தரைக்குள் போகிறது. போன் தரைமட்டத்திலிருந்து பத்து டிகிரி சாய்ந்திருந்தால்கூட நீளவாக்கில் 1.7 கிடைக்கும். இரண்டு டிகிரி என்றால் 0.34 மட்டுமே, கை நடுக்கத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. எது மேல் என்று முடிவு செய்ய முடியாததால், போன் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதையே வைத்துக்கொள்கிறது. பையிலிருந்து பக்கவாட்டில் உருவி அப்படியே கவிழ்த்தால் அந்தப் பக்கவாட்டு நிலைதான் குறிப்பில் ஏறும்.

மீன் எந்தப் பக்கம் கிடந்தாலும் மீன்தான். வியாபாரி விலை சொல்லிவிடுவார். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக், மீனவர் நலவாரிய அட்டை ஆகியவற்றைத் திண்ணையில் வைத்து எடுக்கும்போதுதான் சிக்கல். வழி எளிது. முதலில் போனை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். பிறகு, மேல் ஓரம் முன்பக்கம் சாயும்படி மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள். கேமராத் திரையில் ஃபிளாஷ், டைமர் போன்ற சின்னங்கள் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கின்றன என்பதைப் பார்த்தாலும் போதும். பல போன்களில் அந்தச் சின்னங்கள், போன் எதை மேல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறதோ அதற்கேற்பத் திரும்பும். தவறான பக்கம் படுத்திருந்தால் போனை ஒருமுறை நிமிர்த்தினால் சரியாகிவிடும்.

ஏரி முகத்துவாரத்து அலையில் ஏறி இறங்கும் ஃபைபர் படகில் முடுக்கமானிக்கு இன்னும் குழப்பம். ஈர்ப்பையும் படகின் துள்ளலையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் கூட்டித்தான் அளக்கும். அதனால்தான் போன்கள் ஒரு நொடி அதிர்வை நம்பாமல், அளவுகளைச் சராசரியாக்கி, தெளிவாகத் திரும்பிய பிறகே முடிவை மாற்றிக்கொள்கின்றன. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் நிலைமை முற்றிப்போகும். எல்லாமே தடையின்றி விழுந்துகொண்டிருக்கும் அந்த இடத்தில் முடுக்கமானி மூன்று திசையிலும் சுழியத்தையே காட்டும். மேல் கீழ் என்று சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 பயணிகள் எடுத்த முழுப் பூமியின் புகழ்பெற்ற படத்தில் தென்துருவம்தான் மேலே இருந்தது. நாம் பள்ளிப் புத்தகங்களில் பார்த்தது, வடக்கு மேலே வரும்படி நாசா திருப்பி வெளியிட்டதை.

மறுபடி தரைக்கு வருவோம். குறிப்பு சரியாக எழுதப்பட்ட பிறகும் அது வழியில் தொலைந்துபோவதற்குப் பல இடங்கள் உண்டு. ஒரு தளத்தில் படத்தை ஏற்றியதும், பட்டியலில் காட்டுவதற்காக அதன் சிறு வடிவம் ஒன்றைச் சர்வர் உருவாக்கும். பல தளங்கள் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியோடு வரும் ஜிடி என்ற படநூலகம் ஜேபெக்கைத் திறக்கும்போது புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். எக்ஸிஃபை அப்படியே விட்டுவிடும். சிறிதாக்கிச் சேமித்தால், படுத்த புள்ளிகள் மட்டும் இருக்கும், 12 பைட் இருக்காது. அதன்பின் எந்த உலாவியில் திறந்தாலும் படம் படுத்தேதான் கிடக்கும். நேராக்க வழிகாட்டும் தகவலே கோப்பில் இல்லை.

நல்ல நோக்கத்தோடு அழிப்பவர்களும் உண்டு. அதே எக்ஸிஃபில்தான் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். வீட்டு வாசலில் எடுத்த பிள்ளையின் படத்தோடு வீட்டின் இருப்பிடமும் உலகத்துக்குப் போக வேண்டாம் என்று, பொறுப்பான தளங்கள் எக்ஸிஃபை முழுதாக உருவி எறிகின்றன. அது சரியான காரியம். ஆனால் இருப்பிடத்தோடு திசையும் குப்பைக்குப் போகிறது. முதலில் திருப்ப வேண்டும், பிறகு உருவ வேண்டும். நிரலில் இந்த இரண்டு வரிகள் இடம் மாறியிருப்பதால் படுத்துக்கிடக்கும் படங்கள் ஏராளம்.

படிக்கும் கருவிகளுக்குள்ளும் ஒற்றுமை இருந்ததில்லை. விண்டோஸ் 7-இல் படம் பார்க்கும் நிரல் இந்தக் குறிப்பைப் பொருட்படுத்தவில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் அதை மதிக்கத் தொடங்கியது. கணினி உலாவிகள் இணையப் பக்கத்துக்குள் வரும் படங்களை வெகுகாலம் பிறந்தபடியே காட்டிவந்தன. 2020-இன் முதல் பாதியில் சஃபாரி, குரோம், ஃபயர்பாக்ஸ் மூன்றும் அடுத்தடுத்து மாறின: குறிப்பு இருந்தால் அதன்படி திருப்பிக் காட்டுவதே வழக்கம் என்றாயிற்று. நல்ல மாற்றம்தான், ஆனால் அதுவும் சில இடங்களில் வேறு விதமாகக் கடித்தது. உலாவி திருப்பாது என்று நம்பித் தளத்தின் நிரலிலேயே படத்தைத் திருப்பிக் காட்டியவர்கள் இருந்தார்கள். உலாவியும் திருப்பத் தொடங்கியதும், அவர்கள் தளங்களில் நிமிர்த்தி எடுத்த படம் இருமுறை திரும்பி வலப்பக்கம் சாய்ந்துபோனது.

இந்த இரட்டைத் திருப்பம்தான் எனக்குத் தெரிந்து எல்லாரையும் அதிகம் அலைக்கழிப்பது. ஒருவர் படத்தைத் திறந்து புள்ளிகளை நிமிர்த்திவிடுகிறார். ஆனால் குறிப்பில் 6 அப்படியே இருக்கிறது. அடுத்துத் திறக்கும் நிரல் ஏற்கெனவே நிமிர்ந்த படத்தை மறுபடி ஒரு கால் சுற்று திருப்பும். இப்போது படம் வலப்பக்கம் சாய்கிறது. 2017-இல் ஐஃபோன்கள் ஹெய்க் என்ற புதிய வடிவத்துக்கு மாறியபோது இதற்கு இன்னொரு வாசல் திறந்தது. அந்த வடிவத்துக்குச் சொந்தமாகவே ஒரு திருப்பக் குறிப்பு உண்டு, கூடவே எக்ஸிஃபும் வரும். ஜேபெக்காக மாற்றும் நிரல் இரண்டையும் கேட்டு இரண்டு முறை திருப்பினால் முடிந்தது கதை. இடப்பக்கச் சாய்வு குறிப்பைப் படிக்காததன் அடையாளம் என்றால், வலப்பக்கச் சாய்வு பெரும்பாலும் இருமுறை படித்ததன் அடையாளம்.

படம் சாய்ந்தால் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகலாமே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். பூநாரைப் படத்துக்கு அது போதும். விண்ணப்பத்துக்குப் போதாது. இன்று வீட்டுத் திட்டமானாலும் உதவித்தொகையானாலும் படம்தான் சாட்சி. பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தின் ஊரகப் பிரிவில், கட்டுமானம் ஒவ்வொரு நிலையை எட்டும்போதும் இருப்பிடக் குறியீட்டோடு படம் ஏற்ற வேண்டும். முகத்தைக் கண்டறியும் நிரல்கள் பல, நிமிர்ந்த முகங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை. படுத்த முகத்தை முகம் என்றே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அட்டையிலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரலுக்கும் வரி கிடைமட்டமாக ஓட வேண்டும். நிரல் தடுமாறினால் திரையில் வருவது 'படம் தெளிவாக இல்லை' என்ற ஒற்றை வரி. கணினி மையத்துப் பையன், "அக்கா, படம் சரியில்லைங்க, வேற எடுத்துட்டு வாங்க" என்பான். அவன் மேலும் குறையில்லை. வலை காயவைக்கும் வேலையை விட்டுவிட்டுப் பொன்னேரி வரை வந்த பெண், மறுபடி ஒருநாள் வர வேண்டும். படம் தெளிவாகத்தான் இருந்தது. அதோடு வந்த 12 பைட்டைப் படிக்காமல் விட்டவர் தளத்தைக் கட்டியவர்.

ஆகவே இதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பும் முதலில் அவருக்கே. படம் வந்து சேர்ந்த கணத்திலேயே, வேறெதுவும் செய்வதற்கு முன்பு, குறிப்பைப் படித்துப் புள்ளிகளையே நிமிர்த்த வேண்டும். உடனே குறிப்பை 1 என்று மாற்ற வேண்டும். சிறிதாக்குவது, தரம் குறைப்பது, எக்ஸிஃபை உருவுவது எல்லாம் அதற்குப் பிறகு. இமேஜ்மேஜிக் நிரலில் இதற்கு ஆட்டோ-ஓரியன்ட் என்ற ஒற்றைக் கட்டளை இருக்கிறது. பைத்தான் மொழியின் பில்லோ நூலகத்திலும் எக்ஸிஃப்படி படத்தைத் திருப்பித் தரும் செயல்கூறு தயாராகவே உண்டு. வேர்ட்பிரஸ் 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து, ஏற்றும்போதே தானாக இதைச் செய்கிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டிருக்கும் பள்ளி, சங்கத் தளங்கள் புதுப்பித்தாலே பாதித் தொல்லை தீரும்.

செய்த வேலை சரிதானா என்று சோதிக்க, காகிதத்தில் பெரிதாக 'ழ' எழுதிப் படமெடுத்து, குறிப்பில் 1 முதல் 8 வரை மாற்றி எட்டுக் கோப்புகள் தயாரித்து ஒவ்வொன்றாய் ஏற்றிப் பார்க்கலாம். சரியான தளம், குறிப்பு சொன்னபடி எட்டையும் எட்டு விதமாகக் காட்ட வேண்டும். 'ப' எழுதினால் ஏமாந்துவிடுவோம். இடவலம் மாறினாலும் ப ஏறத்தாழ பவாகவே தெரியும், கண்ணாடிப் பிம்பக் கோளாறு கண்ணுக்குத் தட்டாது.

தளத்தை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை, இன்றைக்கே படம் போயாக வேண்டும் என்றால் எளிய வழிகள் உண்டு. கேலரியில் திருப்பும் பொத்தானை மட்டும் அழுத்திச் சேமிப்பதை நம்ப வேண்டாம். சில செயலிகள் புள்ளிகளைத் தொடாமல் குறிப்பை மட்டும் மாற்றி எழுதும், நிலைமை அப்படியே இருக்கும். அதற்குப் பதில் ஓரத்தில் மயிரிழை அளவு வெட்டிச் சேமியுங்கள். வெட்டினால் படத்தைப் பொதுவாக மறுபடி எழுதியாக வேண்டும். எழுதும்போது புள்ளிகள் நிமிர்ந்துவிடும். அல்லது படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். திரையில் தெரிவது தெரிந்தபடி பதிவாவதால் அது சாயாது, நுணுக்கம் கொஞ்சம் குறையும். வாட்ஸ்அப்பில் யாருக்காவது சாதாரணப் படமாக அனுப்பித் திரும்பப் பெற்றாலும் நிமிர்ந்து வரும். ஆனால் அளவு சுருங்கும், எடுத்த இடமும் அழிந்துவிடும். இருப்பிடக் குறியீடு கேட்கும் விண்ணப்பங்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பும் உதவா. எல்லாவற்றையும் விட எளிது, போனைக் கிடைமட்டமாக, சென்சாருக்கு நேரான நிலையில் பிடித்து எடுப்பது. திருப்ப வேண்டியது எதுவுமே இருக்காது. அட்டைகளுக்கு அதுவே போதும். கலங்கரை விளக்கத்துக்குத்தான் கொஞ்சம் பின்னால் நகர வேண்டியிருக்கும்.

காணொளியிலும் இதே கதைதான், குறிப்பு மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது. எம்பி4 கோப்பின் தலைப்பகுதியில் ஒன்பது எண்கள் கொண்ட அணி ஒன்று இருக்கும். காட்டும்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை அது சொல்கிறது. ராக்கெட் காணொளி படுத்தால் அந்த அணியைப் படிக்காத மென்பொருள்தான் காரணம்.

ஏற்கெனவே பல ஆண்டுகளாகச் சேர்ந்துபோன படங்களை என்ன செய்வது? ஊர்த் திருவிழா, முகத்துவாரம் மண்மூடிக் கிடந்த ஆண்டுகளின் சாட்சிப் படங்கள், பள்ளி ஆண்டுவிழா என்று கோப்புறை கோப்புறையாக இருக்கும். எக்ஸிஃப் உயிரோடிருக்கும் மூலக் கோப்புகளைத் தேடி எடுங்கள். குறிப்பு உள்ளவற்றைக் கணினி மொத்தமாக நிமிர்த்திவிடும். குறிப்பு அழிந்தவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஒரு கவனம் தேவை. ஜேபெக்கைத் திறந்து திருப்பி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேயும். தேயாமல் திருப்பவும் வழியுண்டு. ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக எழுதிவைக்கிறது. கட்டங்களின் இடத்தை மாற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் எண்களின் வரிசையையும் சில எண்களின் குறியையும் மாற்றினால் போதும். ஒரு புள்ளியைக்கூட மறுபடி சுருக்காமல் படம் திரும்பிவிடும். ஜேபெக்டிரான் என்ற இலவசக் கருவி இதைத்தான் செய்கிறது.

ஆனால் நிறத்தைச் சுருக்கும் வழக்கமான முறையில் கட்டங்கள் 16-க்கு 16 ஆகச் சேர்ந்து வருவதால், படத்தின் அளவு 16-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 4032-க்கு 3024 எடுக்கும் போன்களில் கணக்கு நேராக வரும்: 252 கட்டம், 189 கட்டம். 4000-க்கு 3000 எடுக்கும் போன்களில் 3000-ஐ வகுத்தால் 187.5. அந்த அரைக் கட்டம் திருப்பிய பிறகு இடது ஓரத்துக்கு வரும், அங்கே அரைக் கட்டத்துக்கு இடமில்லை. கருவியிடம் அதை வெட்டச் சொல்லிவிடலாம். போவது ஓரத்தில் 8 புள்ளி அகலம் மட்டும். திருப்பி முடித்ததும் மறக்காமல் குறிப்பை 1 ஆக்குங்கள்.